வெள்ளைப்பூச்சும் யதார்த்தமும்

1

பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடுகிற காரியங்களில் சில சமயம் கலையின் பிரச்னைகள் ஜோடனையில்லாமல் கிடக்கின்றன. பிளாஸ்டிக்கில் வார்த்த சிறு ராணுவ வண்டிகளை ஒட்டிச் சேர்த்து வர்ணம் பூசுகிறவர்களின் உலகம் அப்படி ஒன்று. அந்த உலகத்துக்குள் இன்னும் சிறியதொரு விவகாரம் உண்டு: பனிக்கால வெள்ளை. இரண்டாம் உலக யுத்தத்தின் ரஷ்யக் குளிர்காலங்களில் டாங்கிகள் மேல் அவசரமாகப் பூசப்பட்டு, உராய்விலும் ஈரத்திலும் பாதி அழிந்துபோன அந்த வெள்ளையை, ஒரு சாண்கூட இல்லாத பொம்மையின் மேல் எப்படிக் கொண்டுவருவது என்று பல பத்தாண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் இரண்டு வண்டிகள் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் இங்கே எழுதுவது செய்தவன் என்ற முறையில் அல்ல; யதார்த்தம் என்ற வார்த்தையோடு நம்மைப் போலவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தைக் கவனித்தவன் என்ற முறையில்.

விஷயத்திலேயே ஒரு முரண் இருக்கிறது. கண்ணில் படாமலிருக்க அடிக்கப்பட்ட வர்ணம் அது. பொம்மையின் மேல் அதே வர்ணம், விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கிட்டத்தில் குனிந்து பார்ப்பதற்காகப் பூசப்படுகிறது. அசலுக்கு ஆயுள் ஒரு பருவம், சில சமயம் ஒரு வாரம். நகலோ, செய்தவன் போன பிறகும் இருக்கும். இந்தத் தலைகீழ் மாற்றம் நடந்த விதத்தைத்தான் சொல்லப் பார்க்கிறேன்.

ராணுவ உருமறைப்பின் சரித்திரத்தை ஓவியர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. 1915ல் பிரெஞ்சு ராணுவம் உருமறைப்புக்கென்று ஒரு பிரிவை ஏற்படுத்தியபோது அதன் தலைமையில் இருந்தவர் கிரான் த ஸெவோலா என்ற ஓவியர். க்யூபிஸ ஓவியர் அந்த்ரே மார் அதே வேலையில் இருந்தார். பாரிஸ் தெருவில் வர்ணமடித்த பீரங்கி ஒன்றைக் கண்ட பிக்காஸோ, அது தம் கூட்டத்தார் ஆரம்பித்து வைத்த வேலை என்று உரிமை கொண்டாடியதாக கெர்ட்ரூட் ஸ்டைன் எழுதியிருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் ஃப்ரான்ஸ் மார்க், 1916ன் ஆரம்பத்தில், பீரங்கிகளை மூடும் தார்ப்பாய்கள் ஒன்பதில் வர்ணம் பூசினார். மானேயில் தொடங்கி காண்டின்ஸ்கி வரைக்கும் போகும் பாணிகளில் அவற்றைச் செய்ததாக மனைவிக்கு எழுதினார். அந்த மார்ச்சிலேயே வெர்டூனில் செத்தும் போனார்.

அந்த உருமறைப்பு வடிவத்தை உடைப்பது. பீரங்கியின் விளிம்பு எங்கே முடிகிறது, புதர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணைத் தடுமாற வைப்பது. அதில் ஓவியனின் புத்திக்கு வேலை இருந்தது. பனிக்கால வெள்ளைக்கு அப்படிப்பட்ட ஓவியப் பரம்பரை கிடையாது. வானத்திலிருந்து விழுந்து கிடப்பது எதுவோ அதன் நிறத்தை வண்டிக்கும் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பூசியவர்கள் பெரும்பாலும் வண்டியில் உட்கார்ந்து போகிறவர்களே. கருவி, துடைப்பமோ கந்தலோ கையில் கிடைத்த பிரஷ்ஷோ. வாய்ப்பிருந்த இடத்தில் தெளிப்பான். கலை சரித்திரத்தில் இதற்கு இடம் கிடைக்காதது ஆச்சரியமில்லை. ஆனால் ஓவியனுடைய கை படாததாலேயே இதில் வேறொரு கையின் அடையாளம் சுத்தமாகத் தங்கியிருக்கிறது.

2

பனிமுயலும், டார்மிகன் என்ற வடதேசக் கோழிப்பறவையும் குளிர்காலத்துக்கு வெள்ளையாக மாறுகின்றன. பகல் சுருங்குவதை அவற்றின் உடம்பு உணர்கிறது. பனி விழும்வரை காத்திருப்பதில்லை. ராணுவங்களுக்கு இந்த உடம்பு இல்லை. 1939 நவம்பர் 30ந் தேதி சோவியத் படைகள் ஃபின்லாந்துக்குள் நுழைந்தபோது அவற்றின் டாங்கிகள் கோடைப் பச்சையிலேயே இருந்தன. வெள்ளை மேலாடை போட்டுக்கொண்டு பனிச்சறுக்குக் கட்டைகளில் காட்டுக்குள்ளிருந்து வந்த ஃபின்லாந்துக்காரர்களுக்கு, வெள்ளைத் தரையில் அந்தப் பச்சை ஒரு தீவட்டி மாதிரி தெரிந்திருக்கும். நூற்றைந்து நாள் நடந்த அந்த யுத்தத்தின் போக்கில்தான் சோவியத் டாங்கிகள் வெள்ளையடித்துக்கொண்டன. ஒரு பாடம் ஏராளமான பிணங்களின் விலையில் கற்கப்பட்டது.

அந்தப் பாடத்தை ஜெர்மானிய ராணுவம் பக்கத்திலிருந்து பார்த்தும் எடுத்துக்கொள்ளவில்லை. 1941 ஜூன் 22ல் சோவியத் எல்லையைத் தாண்டிய அதன் டாங்கிகள் இருண்ட சாம்பல் நிறம். குளிர்காலத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிடும் என்பது திட்டம். கம்பளி உடுப்பு போதாமல் போனதற்கும் வெள்ளை வர்ணம் போதாமல் போனதற்கும் காரணம் ஒன்றேதான். எதிரியைப் பற்றிய, அவன் மண்ணைப் பற்றிய, ஒரு திமிர். மாஸ்கோவை நோக்கிப் போன சாம்பல் டாங்கிகள் பனிவெளியில் மைப்புள்ளிகளாக நின்றன. டிசம்பர் 5ல் சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கியது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் பூசினார்கள்: சுண்ணாம்பு, சீமைச்சுண்ணாம்பு. சுற்றியிருந்த வீடுகளிலிருந்து எடுத்த படுக்கை விரிப்புகளையும் மேஜைத் துணிகளையும் வண்டிமேல் கட்டினார்கள். ஒன்றும் இல்லாதபோது பனியையே அள்ளி அப்பினார்கள்.

சுண்ணாம்பின் சுபாவத்தை இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். சுவருக்கு அடித்த சுண்ணாம்பு நிற்பது, அது சுவரின் நுண்ணிய துவாரங்களுக்குள் இறங்கி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடி கல்லாக இறுகுவதால். வர்ணமடித்த இரும்புக்குத் துவாரம் கிடையாது. அதன்மேல் சுண்ணாம்பு ஒரு தோல் மாதிரி உட்கார்ந்திருக்குமே தவிர வேர் பிடிக்காது. பூட்ஸ் கால் பட்டால் போகும், சட்டையோடு வரும், உருகும் பனி வழிந்த வழியெல்லாம் கோடு கோடாகக் கரையும். இது குறையுமல்ல. வசந்தத்தில் வெள்ளை தேவையில்லாமல் போகும். அப்போது சுரண்டிக் கழுவிவிட முடிய வேண்டும். இரண்டாவது குளிர்காலத்தில் தயாரித்து விநியோகிக்கப்பட்ட வெள்ளை வர்ணமும் கழுவி எடுக்கக்கூடியதாகவே இருந்தது. அதாவது, அழிவது அந்த வர்ணத்தின் வேலையில் ஒரு பகுதி.

அது அழிந்த விதத்துக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. டாங்கியின் மேல் ஏறுகிறவன் வழக்கமாகக் கால் வைக்கும் இடம், கையூன்றும் விளிம்பு, திறந்து மூடும் மூடி, இவற்றில்தான் முதலில் சாம்பல் எட்டிப் பார்க்கும். அடித்ததிலும் ஒழுங்கு உண்டு. எண்ணையும் சிலுவை அடையாளத்தையும் மூடிவிடக் கூடாது என்று அவற்றைச் சுற்றிப் பூசியதால், வெள்ளைக்கு நடுவில் சாம்பல் சதுரங்கள் நின்றன. மண்வெட்டியையும் இரும்புக்கயிற்றையும் கழற்றாமலே அடித்திருப்பார்கள். கை எட்டாத மூலை விட்டுப்போயிருக்கும். உறைந்த விரல்களோடு, எந்த நிமிஷமும் கிளம்ப வேண்டியிருக்கும் என்ற பயத்தோடு ஒருவன் செய்த வேலை அது. வேலையின் அலட்சியமும் அவசரமும் அந்த மேற்பரப்பில் எழுதியிருக்கின்றன.

சோவியத் பக்கத்தில் இன்னொரு விசித்திரம். பச்சையின் மேல் வெள்ளை அடித்து வண்டியை மறைத்துவிட்டு, அந்த வெள்ளையின் மேல் சிவப்பில் கோஷங்களை எழுதியும் வைத்தார்கள், தாய்நாட்டின் பெயரையும் ஸ்டாலின் பெயரையும். ஒளிந்துகொள்ளவும் வேண்டும், படிக்கப்படவும் வேண்டும். எழுதுகிறவர்களுக்கு இந்த ஆசை புரியும். 1942ல் மர்ஷாக், மிகல்கோவ், தீகனவ், கூசெவ் ஆகிய கவிஞர்களும் குக்ரினிக்ஸி என்ற கேலிச்சித்திரக் கூட்டணியும் தங்கள் பரிசுப் பணத்தைப் போட்டு ஒரு கேவி டாங்கியையே வாங்கிக் கொடுத்தார்கள். அதன் கோபுரத்தில் ஒரு சித்திரமும் உடம்பில் கவிதை வரிகளும் இருந்தன. மே மாதம் அது சிப்பாய்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வெள்ளைக்கு அவசியமில்லாத பருவம். குளிர்காலம் வந்தபோது அந்தக் கவிதைக்கு என்ன கதி நேர்ந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. மேலே சுண்ணாம்பு அடித்த சிப்பாய்க்குக் கவிதையைச் சுற்றிப் பூச நேரம் இருந்திருக்குமா?

3

இனி பொம்மைகள். ஜப்பானில் ஷிஸுவோக்கா நகரத்து டாமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியின் மாதிரி ஒன்றை வெளியிட்டது. உள்ளே மோட்டாரும் பாட்டரியும் வைத்து ஓட்டுவதற்கான விளையாட்டுச் சாமான். இரண்டு பாட்டரி அடங்க வேண்டும் என்பதற்காகவே அதன் அளவு தீர்மானிக்கப்பட்டது. பிற்பாடு அளந்து பார்த்ததில் அது அசலில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று தெரிந்தது. மற்ற டாங்கிகளையும் அதே அளவில் செய்தார்கள். மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. ஒரு பாட்டரியின் பருமன் ஒரு கலைக்கு யாப்பு வகுத்துவிட்டது. இந்த யாப்பில் டி-34 டாங்கியின் உடம்பு பதினேழு சென்டிமீட்டர். மனிதன் ஐந்து சென்டிமீட்டர்.

ஆரம்பத்தில் பனிக்கால வெள்ளை என்றால் வெள்ளை வர்ணம், அவ்வளவே. டப்பாவைத் திறந்து அடித்தால் வண்டி ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. கலப்பில்லாத வெள்ளை சிறிய பொருளின் மேல் அளவுக்கு மீறிப் பளிச்சிடும், அதில் கொஞ்சம் சாம்பலோ மஞ்சளோ கலந்தால்தான் தூரத்திலிருந்து பார்க்கும் உணர்வு வரும் என்று பிறகு கண்டுகொண்டார்கள். 1970களிலும் 80களிலும் அமெரிக்கர் ஷெப்பர்ட் பெய்ன், பெல்ஜியத்துக்காரர் ஃப்ரான்ஸ்வா வெர்லிண்டென் போன்றவர்கள் இதை ஒரு கைத்திறனாக வளர்த்தார்கள். பெய்ன் டாங்கியைத் தனியாக நிறுத்தாமல் மனிதர்களோடும் தரையோடும் சேர்த்து ஒரு காட்சியாக அமைத்தார். வெர்லிண்டென்னின் பெயரோடு இரண்டு உத்திகள் ஒட்டிக்கொண்டன. நீர்க்க வைத்த கருவர்ணத்தைப் பள்ளங்களில் ஓடவிடுவது ஒன்று. கிட்டத்தட்ட காய்ந்த பிரஷ்ஷால் வெளிறிய வர்ணத்தை மேட்டு விளிம்புகளில் தேய்ப்பது இன்னொன்று. பள்ளம் இருண்டது, மேடு ஒளிர்ந்தது, சிறிய பொருள் கண்ணுக்குப் பெரிதாயிற்று.

ஒளியும் நிழலும் பற்றிய இந்த ஞானம் பழைய ஓவியர்களுடையது, நல்ல ஞானம்தான். ஆனால் பனிக்கால வெள்ளை இதை ஏமாற்றிவிட்டது. காய்ந்த பிரஷ்ஷால் வெள்ளையைத் தேய்த்தால் அது மேட்டு விளிம்புகளில் போய் ஒட்டிக்கொள்ளும். அசல் வண்டியிலோ விளிம்புகள்தான் முதலில் வெள்ளையை இழந்தவை. பார்வைக்குப் பழசாகத் தெரிந்த பொம்மை, நடந்ததற்கு நேர் எதிரான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. தோற்றத்தைத் தேடிப் போனவன் நடப்பைத் தவறவிட்டான்.

வங்கியில் காசாளர் கூண்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது உடனே விளங்கும். பழைய நோட்டுகளைப் பிரித்து அடுக்குவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. நோட்டு எப்படிப் பழசாகிறது என்பதற்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. மடிப்பில் நைகிறது, மூலையில் மழுங்குகிறது, மீன் விற்கிறவளின் நோட்டு ஒரு மாதிரி, இடுப்பில் செருகிய நோட்டு ஒரு மாதிரி. வேண்டுமென்று பழசாக்கிய கள்ள நோட்டைக் கையில் வாங்கினால் அதன் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். யாரும் மடித்ததில்லை, யாருடைய இடுப்பிலும் இருந்ததில்லை. அதற்கு அழுக்கு உண்டு, வாழ்க்கை கிடையாது.

2000க்குப் பிந்திய பத்தாண்டில் பொம்மைக்காரர்களிடையே வேறொரு முறை பரவியது. முடி கலையாமலிருக்க அடித்துக்கொள்ளும் ஹேர் ஸ்பிரேதான் அதற்கு மூலப்பொருள். முதலில் வண்டிக்கு அதன் நிஜமான சாம்பலையோ பச்சையையோ அடித்து நன்றாகக் காய வைக்கிறார்கள். அதன்மேல் ஹேர் ஸ்பிரேயை மெல்லிசாக இரண்டு தரம். அது உலர்ந்ததும் நீரில் கலக்கும் அக்ரிலிக் வெள்ளையை ஏர்பிரஷ்ஷால் தெளிக்கிறார்கள். பிறகு, வெள்ளை ரொம்பவும் இறுகிப்போவதற்குள், தண்ணீர் தொட்ட மொட்டைப் பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். தண்ணீர் வெள்ளைப் படலத்தின் வழியே இறங்கி அடியிலிருக்கும் ஹேர் ஸ்பிரேயைக் கரைக்கிறது. பிடிமானம் போன வெள்ளை உரிந்து வருகிறது. எங்கே தேய்க்கிறோமோ அங்கே. சிப்பாய் ஏறும் இடத்தில் அதிகம் தேய்க்கலாம், கை எட்டாத மூலையைத் தொடாமலே விடலாம். இரண்டு முறை அடித்து இரண்டு முறை கழுவினால், ஒரே குளிர்காலத்தில் இருமுறை வெள்ளையடித்த வண்டி கிடைக்கும்.

என் பார்வையில் இது வெறும் உத்தி மாற்றம் இல்லை. முன்னவர்கள் அழிந்த வெள்ளையின் தோற்றத்தை வரைந்தார்கள். இவர்கள் வெள்ளையைப் பூசி அழிக்கிறார்கள். வேர்பிடிக்காத ஒரு தோல், ஈரம், உராய்வு, அசலில் இருந்த மூன்றும் இங்கேயும் இருக்கின்றன. சாயலைப் பிரதியெடுப்பதை விட்டுவிட்டு, சாயலை உண்டாக்கிய செயலைத் திரும்பச் செய்வது. முழுக்க அப்படியே என்று சொல்ல மாட்டேன். ஹேர் ஸ்பிரே வெள்ளையைச் செதில் செதிலாக உரிக்கிறது. சுண்ணாம்பு தேய்ந்தும் வழிந்தும் போவது. ஆகவே மேலே நீர்த்த எண்ணெய் வர்ணத்தாலும் பொடிகளாலும் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது. ஆனாலும் திசை மாறிவிட்டது. இப்போது பொம்மைக்காரன் பிரஷ்ஷை வைக்குமுன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: இங்கே யாருடைய கால் பட்டது? வர்ணத்தைப் பற்றிய கேள்வி மனிதனைப் பற்றிய கேள்வியாகிறது.

4

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்களோடு சண்டை. கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள்.

அவர்களுக்கு ஆதாரம் புகைப்படங்கள். கடைகளில் கிடைக்கும் மாதிரிகளில் ஜெர்மன் வண்டிகள் மிகுதி; பார்த்துச் செய்யக் கிடைக்கும் படங்களிலும் அப்படியே. அந்தப் படங்களில் கணிசமானவற்றை எடுத்தவர்கள் ஜெர்மானிய ராணுவத்தின் பிரசாரக் கம்பெனிகளைச் சேர்ந்த புகைப்படக்காரர்கள். எதைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே சம்பளம் வாங்கியவர்கள். வெள்ளையடித்த டாங்கியும், அதன்மேல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிப்பாயும் அவர்களுடைய சட்டகத்துக்குள் வந்தார்கள். சட்டகத்தின் விளிம்பைப் பொம்மைக்காரன் உலகத்தின் விளிம்பாக எடுத்துக்கொள்கிறான். ஒரு கீறல் எங்கே விழுந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறவன், படத்துக்கு வெளியே அரை மைலில் என்ன இருந்தது என்று தேடுவதில்லை.

இருந்தது இது. 1941ல் ஜெர்மானியரிடம் பிடிபட்ட சோவியத் போர்க்கைதிகள் ஏறக்குறைய 33 லட்சம் பேரில் சுமார் 20 லட்சம் பேர் 1942 பிப்ரவரிக்குள் செத்துவிட்டார்கள். பட்டினியாலும் நோயாலும் சுட்டும், திறந்தவெளியில் முள்வேலிக்குள் உறையவிட்டும். முதல் வெள்ளைப்பூச்சின் குளிர்காலம் அதேதான். லெனின்கிராடின் 872 நாள் முற்றுகையில் பட்டினி உச்சத்துக்குப் போனதும் அதே குளிர்காலத்தில். உடுப்பு போதாத ராணுவத்துக்காக ஜெர்மனியில் கம்பளியும் உரோம ஆடையும் வசூலிக்கப்பட்ட அந்த டிசம்பரில், வார்சா கெட்டோவின் யூதர்கள் தங்கள் உரோம ஆடைகளை ஒப்படைக்க வேண்டும், மீறினால் மரணம், என்று உத்தரவு வந்தது. வெள்ளை வர்ணத்தின் பற்றாக்குறையும் இந்த உத்தரவும் ஒரே கணக்கின் இரண்டு வரிகள். டாங்கிக்குக் கட்டிய படுக்கை விரிப்பு ஏதோ ஒரு படுக்கையிலிருந்து உருவப்பட்டது. வெளியே தட்பவெப்பம் பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே.

இதைச் சொன்னால், நாங்கள் வண்டி செய்கிறோம், அரசியல் செய்யவில்லை என்று பதில் வரும். பொம்மை செய்யாதே என்று நான் சொல்ல வரவில்லை. பொம்மையின் அடியில் ஒரு கண்டன வாசகம் ஒட்டி வை என்றும் கேட்கவில்லை. அது சுலபமான பரிகாரம். பூசி மெழுகுவதில் அதுவும் ஒரு வகை. அவர்கள் தாமாகக் கண்டுபிடித்த விதியை அவர்களுக்கே ஞாபகப்படுத்துகிறேன். தோற்றம் போதாது, அதை உண்டாக்கிய செயலுக்குப் போக வேண்டும் என்பது விதி. செயல், சிப்பாயின் பூட்ஸ் காலோடு நின்றுவிடுகிறதா? சுண்ணாம்பும் துணியும் அவனிடம் வந்த வழி செயலில் சேராதா? விளிம்பில் தேய்ந்த வெள்ளையைச் சரியாகச் செய்வதற்கு எது தூண்டியதோ அதே நேர்மைதான் இந்தக் கேள்வியையும் தூண்ட வேண்டும். வேறொரு புது நேர்மை தேவையில்லை.

முடியாத காரியமும் அல்ல. ஒரே ஒரு படைப்பை நான் படத்தில் பார்த்திருக்கிறேன். அடையாளங்கள் எல்லாம் சரியாயுள்ள சாம்பல் நிறக் கவச வண்டி. வெள்ளை வர்ணம் ஒரு துளியும் இல்லை. முன்பக்கத்தில் ஒரு விரிப்பு கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறது. அதன் ஓரத்தில், ஒரு மில்லிமீட்டர்கூட இராத அகலத்துக்கு, சிவப்பு நூல் வேலைப்பாட்டை அவன் வரைந்திருந்தான், அந்தப் பக்கத்துக் கிராமப் பெண்கள் துணி ஓரங்களில் போடும் மாதிரி. வேறு மனித உருவம் எதுவும் இல்லை. முதல் பார்வைக்கு அது தெரியவும் தெரியாது. தெரிந்தபின் வண்டியைப் பார்க்க முடியவில்லை. அந்த வீட்டைத்தான் பார்க்க முடிந்தது. செய்தவனின் திறமையில் மற்றவர்களைவிட ஒரு பிடி அதிகம் இருந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. கேள்வியை இன்னும் இரண்டடி தூரம் அவன் கொண்டுபோயிருக்கிறான்.

விவரங்களைக் குவிப்பதே யதார்த்தம் என்று நம்மிடையேயும் ஒரு நம்பிக்கை இருந்துவருகிறது. விவரம் மெய்யாக இருக்கலாம். நோட்டின் மேல் சீராகத் தடவிய அழுக்காகவும் இருக்கலாம். எந்த விவரத்துக்கும் பின்னால் ஒரு செயல் உண்டு, செயலுக்குப் பின்னால் ஒருவன் உண்டு, அவன் கையில் இருந்த பொருள் இன்னொருத்தியின் வீட்டிலிருந்து வந்தது. அங்கே போய்ச் சேருகிறவரை யதார்த்தவாதி தன் வேலையை முடிக்கவில்லை. பதினேழு சென்டிமீட்டர் நீளத்தில் வேலை செய்கிறவனுக்கும் இதே அளவுகோல்தான், முந்நூறு பக்கம் எழுதுகிறவனுக்கும் இதேதான்.